இயற்கணித வகுப்பில் தேறுவது எப்படி: முதல் வாரம் முதல் தேர்வுத் தாள் திரும்பும் வரை

இயற்கணிதம் தொடங்கிய ஆண்டின் முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பதினேழு மதிப்பெண் வாங்கியவன் நான். அதுவரை கணக்கில் தடுமாறியதே இல்லை. கரும்பலகையில் ஆசிரியர் எழுதியதெல்லாம் அப்போதைக்குப் புரிந்தது, வீட்டுப்பாடத்தையும் நாள் தவறாமல் முடித்தேன். ஆகவே திருத்திய தாளை வாங்கியபோது எங்கே தவறினேன் என்பதே விளங்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து, இழந்த முப்பத்து மூன்று மதிப்பெண்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். புதுப் பாடம் தெரியாமல் போனவை ஆறு மட்டுமே. மற்றவை கழித்தல் குறியிலும், பின்னத்திலும், இடையில் எழுதாமல் விட்ட வரிகளிலும் போயிருந்தன. அந்த ஆண்டு முழுவதும் தட்டுத் தடுமாறிக் கற்ற நடைமுறையைத்தான், இனி இந்த வகுப்பில் நுழையப் போகிறவர்களுக்காகக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

ஒரு சிறு குறிப்பு. பாடநூல்களில் மாறியை, அதாவது மதிப்பு இன்னும் தெரியாத எண்ணை, பெரும்பாலும் எக்ஸ், ஒய் என்ற எழுத்துகளால் குறிப்பார்கள். இங்கே அவற்றுக்குப் பதிலாக ப என்று எழுதுகிறேன். எழுத்து எதுவானாலும் கணக்கு மாறாது என்பது உங்களுக்கு உறுத்தாமல் இருந்தால், மாறி என்பதன் பாதிப் பொருள் இப்போதே பிடிபட்டுவிட்டது.

1. பழைய பாக்கியைத் தீர்த்துக்கொள்ளுங்கள் (வகுப்பு தொடங்க இரண்டு வாரம் முன்பு)

இயற்கணித ஆசிரியர், முழுக்களிலும் பின்னங்களிலும் உங்கள் கை தயங்காமல் ஓடும் என்று நம்பித்தான் பாடத்தைத் தொடங்குவார். அவற்றை மீண்டும் நடத்த அவருக்கு நேரம் இருக்காது. கீழே உள்ள பத்தையும் கணிப்பான் இல்லாமல், பத்து நிமிடத்துக்குள், தாளில் செய்து பாருங்கள்.

−7 − 4
−7 − (−4)
(−3) × (−6)
−5²
(−5)²
8 − 3 × 2
12 ÷ 4 × 3
2/3 + 1/4
3/4 ÷ 2/5
5 − 2(3 − 7)

விடைகள் வரிசையாக: −11, −3, 18, −25, 25, 2, 9, 11/12, 15/8, 13. ஒன்பதோ பத்தோ சரியென்றால் அடுத்த படிக்குச் செல்லலாம். ஏழுக்குக் கீழே என்றால், எந்த வகையில் தவறு வந்ததோ அந்த வகையில் மட்டும் நாளொன்றுக்கு இருபது நிமிடம் வீதம் இரண்டு வாரம் பழகுங்கள். முந்தைய வகுப்பின் பாடநூலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நான்காவது கணக்கில் 25 என்று எழுதியவர்கள் கவனிக்க: அடைப்புக்குறி இல்லாதபோது அடுக்கு 5-க்கு மட்டுமே உரியது, கழித்தல் குறி அதற்குப் பிறகுதான் சேர்கிறது. இந்த ஒரு வேறுபாடு பின்னாளில் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தில் எண்களைப் பிரதியிடும்போது மீண்டும் வந்து நிற்கும். ஏழாவதில் 1 என்று எழுதியவர்கள், பெருக்கலும் வகுத்தலும் சம உரிமை உடையவை, இடமிருந்து வலமாகத்தான் செய்ய வேண்டும் என்பதை மறந்திருக்கிறார்கள்.

2. முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

பாடத்திட்டத் தாள், மதிப்பெண் பகிர்வு, தேர்வு அட்டவணை ஆகிய மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். தனித்தனித் தாளாகத் தரவில்லை என்றால், சொல்லக் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றோடு ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. விடை தவறாக இருந்து வழிமுறை சரியாக இருந்தால் எவ்வளவு மதிப்பெண் கிடைக்கும்? வழிமுறை இல்லாமல் விடை மட்டும் எழுதினால் என்ன ஆகும்? கணிப்பான் எப்போது அனுமதி? வராமல் போன நாளின் வீட்டுப்பாடத்தை எத்தனை நாளுக்குள் தர வேண்டும்? விடையைப் பின்னமாக விட வேண்டுமா, தசமமாக மாற்ற வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கான பதிலை நான் தேர்வு முடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். மனத்திலேயே போட்டு விடையை மட்டும் எழுதிய நான்கு கணக்குகளில் விடைகள் சரியாகவே இருந்தும், வினாவுக்கு ஒரு மதிப்பெண்தான் கிடைத்தது.

3. மூன்று நோட்டுகள், ஒரு கட்டு வரைபடத்தாள்

செலவு என்று பார்த்தால் இந்த வகுப்புக்குப் பணம் அதிகம் தேவைப்படாது. கோடிட்ட நோட்டுகள் மூன்று, வரைபடத்தாள், பென்சில், அளவுகோல், விடை எழுதப் பேனா ஆகியவை போதும். வகுப்புக் குறிப்புக்கு ஒரு நோட்டு, வீட்டுப்பாடத்துக்கு ஒன்று, பிழைகளுக்கென்றே ஒன்று. மூன்றாவதுதான் விலைமதிப்புள்ளது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். வீட்டுப்பாடத்தைத் துண்டுத் தாள்களில் செய்யாதீர்கள். தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில் அந்தத் தாள் கையில் கிடைக்காது.

உண்மையான செலவு நேரம்தான். பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் முப்பது முதல் நாற்பது நிமிடம், வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் என்று ஒதுக்குங்கள். ஐந்து நாள் கணக்கை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நானும் எண்ணியதுண்டு. திங்களன்று நடத்திய பாடத்தின் மேல்தான் செவ்வாய்ப் பாடம் நிற்கிறது. திங்கள் பாடத்தை ஞாயிறன்று தொடுகிறவர் நடுவில் உள்ள நான்கு வகுப்புகளிலும் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

4. வகுப்பில் குறிப்பெடுக்கும் முறை

கரும்பலகையில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதினால் பாதிதான் உங்களிடம் வந்து சேரும். ஆசிரியர் வாயால் சொல்லும் காரணம் பெரும்பாலும் பலகையில் எழுதப்படுவதில்லை. பக்கத்தின் வலப்புறம் மூன்று விரல் அகலம் கோடிட்டு ஒதுக்கி, ஒவ்வொரு வரிக்கும் நேராக "இரு பக்கமும் 7 கூட்டப்பட்டது", "பொதுக் காரணி வெளியே எடுக்கப்பட்டது" என்று சில சொற்களில் காரணத்தை எழுதிவிடுங்கள். காரணம் தெரியாத வரியில் ஒரு கேள்விக்குறி போட்டு மேலே செல்லுங்கள். அந்த வரியிலேயே நின்றுவிட்டால் அடுத்த ஐந்து நிமிடப் பாடமும் கையை விட்டுப் போய்விடும். வகுப்பு முடிந்ததும் கேட்க வேண்டியவை அந்தக் கேள்விக்குறிகளே.

5. ஒரு வரிக்கு ஒரு மாற்றம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பின்பற்றுவேன் என்பவர்கள் இதைப் பின்பற்றுங்கள். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குச் செல்லும்போது ஒரே ஒரு செயலைத்தான் செய்ய வேண்டும். சமக்குறிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். எடுத்துக்காட்டாக:

5 − 2(ப − 3) = 3ப − 9
5 − 2ப + 6 = 3ப − 9
11 − 2ப = 3ப − 9
11 = 5ப − 9
20 = 5ப
ப = 4

இரண்டாவது வரிதான் கண்ணி. −2 உள்ளே இருக்கும் −3-ஐயும் பெருக்குகிறது, ஆகவே +6. இதை மனத்தில் செய்தவர்கள் −6 என்று எழுதி, 8/5 என்ற விடைக்குப் போய்ச் சேர்வார்கள். இன்னொரு வகைத் தவறும் உண்டு: 5-இலிருந்து 2-ஐ முதலில் கழித்து 3(ப − 3) என்று எழுதுவது. இந்தக் கணக்கில் அப்படிச் செய்தால் இரு பக்கமும் ஒன்றாகிவிடும். எந்த எண்ணும் விடை என்று வரும். பெருக்கலுக்கு முன் கழித்தலைச் செய்துவிட்ட பிழை அது.

கடைசி வரியோடு கணக்கு முடிவதில்லை. 4-ஐ முதல் வரியில் பிரதியிடுங்கள்: இடப்பக்கம் 5 − 2(1) = 3, வலப்பக்கம் 12 − 9 = 3. இரண்டாவது வரியிலோ மூன்றாவது வரியிலோ பிரதியிட்டால் அதற்கு முன்பு நேர்ந்த பிழை தெரியாது. வினாத்தாளில் கொடுத்த வடிவத்தில்தான் பிரதியிட வேண்டும். அரை நிமிடத்தில் முடியும் இந்த வேலையைச் செய்யாத வரை, ஆசிரியர் திருத்தித் தந்தால்தான் சரியா தவறா என்று தெரியும் நிலையிலேயே இருப்பீர்கள்.

அடுத்து, வகுப்பறைகளில் காலங்காலமாகப் புழங்கும் "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற வாய்பாடு. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இது விடை தரும் என்பதால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று கை பழகிவிடுகிறது. 3ப = 12 என்பதை ப = 12 − 3 என்று எழுதுவோர் உண்டு. 4ப = −20 என்பதில் 4-ஐக் கீழே கொண்டுபோகும்போது அதன் குறியையும் மாற்றி, −5 வர வேண்டிய இடத்தில் 5 என்று எழுதுவோர் அவர்களைவிட அதிகம். உண்மையில் எதுவும் எந்தப் பக்கமும் போவதில்லை. இரு பக்கத்துக்கும் ஒரே செயலைச் செய்கிறோம், அவ்வளவுதான். முதல் இரண்டு மாதங்களாவது "இரு பக்கமும் 4-ஆல் வகுக்க" என்று முழுச் சொற்களில் எழுதுங்கள். வேகம் குறைவது போல் தோன்றும். பிழை திருத்தச் செலவிடும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் குறைவதில்லை.

6. வீட்டுப்பாடத்தைச் செய்யும் வரிசை

பாடம் நடந்த அன்றே உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம், வகுப்பில் செய்த எடுத்துக்காட்டு ஒன்றின் வினாவை மட்டும் தனித்தாளில் எழுதி, நோட்டை மூடி வைத்துவிட்டு நீங்களே செய்து பாருங்கள். எடுத்துக்காட்டைப் படித்துப் பார்ப்பது வேறு, செய்து பார்ப்பது வேறு. படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். மூடி வைத்துச் செய்யும்போதுதான் எந்த வரியில் கை நிற்கிறது என்பது தெரியவரும்.

அதன் பிறகு வீட்டுக் கணக்குகள். ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டால் பத்து நிமிடம் வரை முயலுங்கள், அதுவரை எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். புத்தகத்தின் பின்பக்க விடையைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால், அந்த விடைக்கு ஏற்றபடி வரிகளை வளைக்கும் ஆசை வரும். கைப்பேசியில் படம் பிடித்தால் முழுத் தீர்வையும் காட்டும் செயலிகள் இன்று இருக்கின்றன. நீங்கள் செய்து முடித்த கணக்கை அவற்றோடு ஒப்பிடுவதில் குற்றமில்லை. செய்யாத கணக்கை அவற்றிலிருந்து பார்த்து எழுதினால், வீட்டுப்பாட மதிப்பெண் நிறையும், தேர்வில் ஈடு செய்ய வழி இருக்காது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளைக்கு நீங்கள் கற்ற முறையைத் திணிக்க வேண்டாம். "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். இயற்கணிதம் முழுவதும் மறந்துபோனவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

7. சொற்கணக்குகளைக் கணிதமொழிக்கு மாற்றுதல்

சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்தவர்கள்கூட இங்கே திணறுவதற்குக் காரணம், வினாவை வேகமாக வாசித்து, கண்ணில் படும் எண்களை வந்த வரிசையில் கோத்துவிடுவதே. தமிழில் எந்த எண் எதனோடு சேர்கிறது என்பதை வேற்றுமை உருபுதான் சொல்கிறது. "ஓர் எண்ணிலிருந்து 5-ஐக் கழிக்க" என்றால் ப − 5. "5-இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க" என்றால் 5 − ப. "ஓர் எண்ணின் மும்மடங்குடன் 4-ஐக் கூட்ட" என்றால் 3ப + 4. "ஓர் எண்ணுடன் 4-ஐக் கூட்டி வரும் தொகையின் மும்மடங்கு" என்றால் 3(ப + 4). இலக்கண வகுப்பில் இரண்டாம் வேற்றுமைக்கும் ஐந்தாம் வேற்றுமைக்கும் வேறுபாடு கேட்டபோது இது எதற்கு உதவும் என்று முணுமுணுத்த நான், அதற்கான விடையைக் கணக்கு வகுப்பில்தான் பெற்றேன்.

செய்முறை இதுதான். வினாவை இரண்டு முறை வாசியுங்கள். முதல் வரியில், தெரியாதது எது என்பதை அலகோடு எழுதுங்கள்: "மகனின் இன்றைய வயது ப ஆண்டுகள் என்க." வெறுமனே "ப = மகன்" என்று எழுதினால் சில வரிகளுக்குப் பிறகு, அது இன்றைய வயதா, வருங்கால வயதா என்ற குழப்பம் தவறாமல் வரும். மற்ற அளவுகளையும் அதே மாறியால் ஒரு சிறு கட்டத்தில் எழுதிய பிறகே சமன்பாட்டை அமையுங்கள்.

தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு. 12 ஆண்டுகளுக்குப் பின் இரு மடங்காகும் என்று ஒரு வினா. இன்று ப, 3ப. 12 ஆண்டுக்குப் பின் ப + 12, 3ப + 12. ஆகவே 3ப + 12 = 2(ப + 12), அதிலிருந்து ப = 12. மகனுக்கு 12, தந்தைக்கு 36. 12 ஆண்டு கழிந்தால் 24, 48. இந்தச் சரிபார்ப்பைச் சமன்பாட்டில் செய்யாமல் வினாவின் சொற்களோடு வைத்துச் செய்ய வேண்டும். சமன்பாட்டையே தவறாக அமைத்திருந்தால் அதில் பிரதியிட்டுப் பயனில்லை. 12 ஆண்டு தந்தைக்கு மட்டும் கழிந்து மகனுக்குக் கழியாமல் போவது இவ்வகைக் கணக்கில் அதிகம் காணும் பிழை.

"மாணவர்கள் ஆசிரியர்களைப் போல் ஆறு மடங்கு" என்பது இன்னொரு கண்ணி. மாணவர் எண்ணிக்கையின் முன்னால் 6-ஐப் போடச் சொல்லும் மனம். ஆசிரியர் பத்துப் பேர் என்று வைத்துப் பாருங்கள். மாணவர் அறுபது பேர். பெரிய எண்ணைப் பெற, சிறிய எண்ணைத்தான் ஆறால் பெருக்குகிறோம்.

8. பிழை நோட்டு

திருத்தி வந்த ஒவ்வொரு தவறுக்கும் நான்கு வரிகள் போதும்: தேதி, தவறான வரி, சரியான வரி, ஏன் அப்படி எழுதினேன் என்பது. "கவனக்குறைவு" என்று எழுதத் தடை. அந்தச் சொல்லால் அடுத்த முறை என்ன செய்வது என்பது விளங்காது. "அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் குறி இருந்ததைப் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். ஒரு மாதத்தில், உங்களுக்கென்றே சொந்தமான பிழைகள் மூன்றோ நான்கோதான் என்பது தெரிந்துவிடும்.

பலருக்கும் பொதுவானவை சில உண்டு. (அ + ஆ)² என்பதை அ² + ஆ² என்று எழுதுவது முதன்மையானது. 3-ஐயும் 4-ஐயும் பிரதியிட்டால் ஒன்று 49, மற்றது 25. நடுவில் உள்ள 2அஆ விடுபட்டிருக்கிறது. √(9 + 16) என்பதை 3 + 4 என்று பிரிப்பதும் அதே இனத்தைச் சேர்ந்தது. விடை 5, 7 அன்று. (ப + 6)/6 என்பதில் ஆறையும் ஆறையும் அடித்துவிட்டு ப மட்டும் மிச்சம் என்று எழுதுவது இன்னொன்று. அடிக்கக் கூடியவை காரணிகள் மட்டுமே, கூட்டலில் உள்ள உறுப்புகளை அடிக்க முடியாது. ப² = 5ப என்பதை ப-ஆல் வகுத்து ப = 5 என்று முடித்தால், ப = 0 என்ற விடை காணாமல் போகிறது. −2ப < 6 என்பதை −2-ஆல் வகுக்கும்போது அசமன்பாட்டுக் குறி திரும்பி, ப > −3 ஆக வேண்டும்; ஐயம் வந்தால் 0-ஐப் பிரதியிடுங்கள், 0 < 6 உண்மை, ஆகவே 0 விடைக்குள் இருக்க வேண்டும்.

ஒரு விதி சரியா என்று எண்களைப் போட்டுச் சோதிக்கும்போது 0, 1, 2 ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். 2 + 2, 2 × 2, 2² மூன்றும் ஒன்றே என்பதால் தவறான விதியும் சரிபோல் தோன்றும். 3, 5, 7 போன்ற எண்கள் அப்படி ஏமாற்றுவதில்லை.

9. உதவி கேட்பது

"எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று சொன்னால் எந்த ஆசிரியராலும் எங்கிருந்து தொடங்குவது என்று தீர்மானிக்க முடியாது. நீங்கள் முயன்ற கணக்கை, அரைகுறையாக இருந்தாலும், கையில் கொண்டுபோய், "இந்த வரி வரை வந்தேன், இதற்கு மேல் தெரியவில்லை" என்று காட்டுங்கள். ஐயம் எழுந்த இரண்டு நாளுக்குள் கேட்பது நல்லது; தேர்வுக்கு முந்தைய நாள் அவரைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். தனிப் பயிற்சி வகுப்பில் சேரலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிழை நோட்டை ஒரு மாதம் எழுதிய பிறகு முடிவு செய்யுங்கள். பின்னமும் குறி விதியும்தான் சிக்கல் என்றால் அதற்கு முதல் படியில் சொன்ன பழக்கமே போதும்.

10. தேர்வுக்குப் பத்து நாள் முன்பிருந்து

முதல் ஆறு நாள், நாளொன்றுக்கு ஒரு பாடப்பகுதியாக, பழைய வீட்டுப்பாடத்திலிருந்து ஐந்து கணக்குகளை விடையைப் பார்க்காமல் மீண்டும் செய்யுங்கள். அடுத்த மூன்று நாளும் எல்லாப் பகுதிகளையும் கலந்து செய்யுங்கள். ஒரே பயிற்சியில் உள்ள கணக்குகள் எல்லாம் ஒரே முறையில் தீரும். தேர்விலோ எந்த முறை என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கான பழக்கம் கலந்து செய்தால் மட்டுமே வரும். கடைசி நாள் பிழை நோட்டை வாசித்துவிட்டு நேரத்தோடு தூங்குங்கள்.

தேர்வறையில் நேரக் கணக்கு எளியது. 90 நிமிடம், 50 மதிப்பெண் என்றால், 15 நிமிடத்தைச் சரிபார்ப்புக்கு ஒதுக்கி, மீதி 75-ஐ 50-ஆல் வகுத்தால் மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். நான்கு மதிப்பெண் வினாவில் ஆறு நிமிடத்துக்கு மேல் போனால், இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். தவறான வரியை ஒரே கோட்டால் அடியுங்கள். மேலேயே திருத்தி எழுதிய − குறி + குறியாகவும் + குறி − குறியாகவும் படிக்கப்படும், திருத்துகிறவர் மட்டுமல்ல, நீங்களே அப்படிப் படிப்பீர்கள்.

திருத்திய தாள் கைக்கு வந்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். பக்கவாரியாகக் கூட்டல் சரியா என்று பாருங்கள். தவறு இருந்தால் அன்றே பணிவோடு ஆசிரியரிடம் காட்டுங்கள். பிறகு இழந்த மதிப்பெண் ஒவ்வொன்றையும் குறி, பின்னம், விடுபட்ட வரி, வினாவைத் தவறாகப் படித்தது, உண்மையிலேயே தெரியாதது என்று ஐந்தாகப் பிரித்துப் பிழை நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து, தவறவிட்ட அதே வினாக்களை வெற்றுத் தாளில், அதே நேர அளவுக்குள் மீண்டும் செய்யுங்கள். அப்போதும் தவறுபவை எவையோ, அவையே அடுத்த தேர்வுக்கு நீங்கள் முதலில் எடுக்க வேண்டிய பாடம்.